டார்ச் டெஸ்ட்டும் துரத்தப்பட்ட பூனையும்

கேள்வி: எனக்கு வயது 27. என் தாய்மாமனையே திருமணம் செய்திருக்கிறேன். மூத்தவளுக்கு 5 வயது, நன்றாக இருக்கிறாள். இளையவனுக்கு ஒன்றரை வயது. ஏழாம் மாதம் வரை அவனும் நன்றாகத்தான் இருந்தான். தலை நின்றது, குப்புற விழுந்தான், பிடித்துக்கொண்டால் உட்கார்ந்தான். பிறகு இரவு பகலாக ஒரே அழுகை, விட்டுவிட்டுக் காய்ச்சல். இரண்டே மாதத்தில் கற்றதெல்லாம் போய்விட்டது. கை கால் விறைக்கிறது. குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது. மார்கழியில் காது மடலும் கால் விரல்களும் சிவந்து வீங்கிப் புண்ணாகின்றன.

முதலில் காட்டிய இடத்தில், மூளையில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறது, கர்ப்பத்தில் எனக்கு வந்த கிருமிதான் காரணம் என்றார்கள். என் டார்ச் டெஸ்ட் பாசிட்டிவ். வீட்டில் பூனை வளர்த்தேன். அதுதான் என்று மாமியார் இன்றுவரை சொல்கிறார். அவர் என்னை வளர்த்த அம்மாச்சி. பூனையைச் சாக்கில் போட்டு எங்கோ விட்டுவிட்டார்கள். இப்போது மரபணுப் பரிசோதனையில் 'ஐகார்டி-கூட்டியேர், ஆர்.என்.ஏஸ்.எச்.2பி, ஹோமோசைகஸ்' என்று வந்திருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட பரம்பரை நோய் என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி கூட என்ன கொடுக்கலாம்? பாரிசிட்டினிப் மாத்திரை குணப்படுத்துமா? அடுத்த குழந்தைக்கு வருமா? மூத்தவளுக்கு இனிமேல் வருமா? என் தங்கையை என் கணவரின் தம்பிக்குப் பேசியிருக்கிறார்கள், செய்யலாமா? என்னால்தான் வந்ததா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள்.

— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களால் வந்ததில்லை. பூனையாலும் வந்ததில்லை.

டார்ச் டெஸ்ட் என்பது டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் போன்ற சில கிருமிகளுக்கான இரத்தப் பரிசோதனை. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பாசிட்டிவ் என்று இருப்பது அநேகமாக 'ஐ.ஜி.ஜி.' என்ற வரியில் இருக்கும். என்றைக்கோ அந்தக் கிருமி உடம்புக்குள் வந்து போயிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலோருக்குச் சைட்டோமெகலோ ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாகத்தான் இருக்கும். சோதித்தால் எனக்கும் இருக்கும், உங்கள் அம்மாச்சிக்கும் இருக்கும். அந்த வைரஸ் கர்ப்பத்திலேயே குழந்தையைத் தாக்கியது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், பிறந்த மூன்று வாரத்துக்குள் குழந்தையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டி அம்மாவின் இரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியானால் முதலில் பார்த்தவர் ஏன் அப்படிச் சொன்னார்? சி.டி. ஸ்கேன் படத்தில் கர்ப்பத் தொற்றும் இந்த நோயும் ஒன்றுபோலவே தெரியும். மூளையின் நடுப்பகுதியில் சுண்ணாம்பைத் தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள், சுற்றிலும் பாதிக்கப்பட்ட வெண்பகுதி. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நானே இதே மாதிரிப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'கர்ப்பகாலக் கிருமித் தொற்று' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவும் உங்களைப் போலத்தான் எதிரில் தலைகுனிந்து நின்றார். இரண்டு வருடம் கழித்து அடுத்த குழந்தையையும் அதே மாதிரி தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கர்ப்பத்தில் வந்த தொற்று அப்படி வரிசையாக இரண்டு பிள்ளைகளைப் பிடிப்பது அபூர்வம். உங்கள் மகன் விஷயத்தில் துப்பு அவன் உடம்பிலேயே இருந்தது. ஏழு மாதம் நன்றாக வளர்ந்தவன் பிறகு பின்னோக்கிப் போனது ஒன்று. குளிரில் காதும் விரலும் புண்ணானது இன்னொன்று. பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்திருப்பார்கள். இந்த நோயில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

1984இல் பாரிஸில் ழான் ஐகார்டி, பிரான்ஸ்வாஸ் கூட்டியேர் என்ற இரண்டு குழந்தைகள் நரம்பியல் மருத்துவர்கள் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாம் கர்ப்பத் தொற்று போலவே இருந்தது. முதுகுத் தண்டு நீரில் வெள்ளை அணுக்கள்கூட அதிகம். ஆனால் கிருமியை மட்டும் காணோம், அதோடு ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருந்தது. நான்கு வருடம் கழித்து பியேர் லெபோன் குழுவினர் அந்த நீரில் இன்டர்ஃபெரான் என்ற பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். வைரஸ் நுழைந்தால் உடம்பு அடிக்கும் அபாயச் சங்கு அது. வைரஸே இல்லாமல் சங்கு ஏன் ஒலிக்கிறது என்பதற்கு 2006இல்தான் விடை வந்தது. யானிக் குரோ என்ற மருத்துவரின் குழு முதல் மரபணுக்களைக் கண்டுபிடித்தது. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இருப்பதும் அந்த வருடம் தெரியவந்தவற்றில் ஒன்று. இந்த நோயில் அதிகமாகக் காணப்படுவதும் அதுதான். (இணையத்தில் தேடும்போது கவனம். 'ஐகார்டி சிண்ட்ரோம்' என்று மட்டும் போட்டால் பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் வேறொரு நோய் வரும். அதைப் படித்துவிட்டு வீணாக அழாதீர்கள்.)

நம் செல்கள் ஒவ்வொரு முறை டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போதும் அதில் சில தப்பான எழுத்துகள் விழும். அவற்றை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்ய ஒரு நொதி இருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்த நொதி சரியாக அமையவில்லை. குப்பை சேருகிறது. அதைப் பார்க்கும் எதிர்ப்பு மண்டலம் வைரஸ் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. யாரோ தெருவில் சருகு எரித்த புகையைப் பார்த்துவிட்டு, வீடு பற்றிக்கொண்டதாகத் தீயணைப்பு வண்டி வந்து நாள்கணக்காகத் தண்ணீரைப் பீய்ச்சினால் என்ன ஆகும்? தீ இல்லை, ஆனால் சுவர் ஊறிச் சரியும். மூளையில் நடந்திருப்பது அதுதான்.

இதிலிருந்தே உங்கள் அடுத்த கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். 'எதிர்ப்புச் சக்தி நோய்' என்றதும் வீட்டில் எல்லோரும் அது குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவனுக்கு அது அடங்காமல் இருப்பதுதான் பிரச்சினை. எதிர்ப்புச் சக்தி கூட்டுகிறோம் என்று விற்கிற சிரப், சீந்தில் மாத்திரை, மாந்தத்துக்கு என்று கொடுக்கிற உரைமருந்து எதுவும் வேண்டாம். ராகிக் கூழ், பருப்பு, முட்டை என்று சாப்பாடாகக் கொடுப்பதைத் தாராளமாகக் கொடுங்கள்.

இனி என்ன ஆகும் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் சில மாதங்கள் உக்கிரமாக இருந்துவிட்டுப் பிறகு நின்றுவிடும். நீங்கள் எழுதியிருக்கும் அழுகையும் காய்ச்சலும்தான் அந்த உக்கிர காலம். அப்போது இழந்தவற்றில் பெரும்பகுதி திரும்பி வருவதில்லை. இதை மழுப்பிச் சொல்லி உங்களை ஊர் ஊராக அலைய விட எனக்கு மனமில்லை. அதே நேரம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும் நோயும் இல்லை. இந்த மரபணுவில் பாதிப்பு உள்ள குழந்தைகளிடையே பெரிய வித்தியாசம் உண்டு. சிலருக்குக் கால் விறைப்புதான் அதிகம் இருக்கும், அறிவு நன்றாகவே இருக்கும். பேச முடியாத குழந்தைக்குப் புரியாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். உங்கள் குரல் கேட்டால் கண்ணைத் திருப்புகிறானா, அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறானா என்று கவனியுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள். எங்களுக்கு அது ஸ்கேனில் கிடைக்காத தகவல்.

குக்கர் விசிலுக்குத் தூக்கிப் போடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த நோயில் சத்தத்துக்கு அதிகமாகத் திடுக்கிடுவது சகஜம். எல்லாமே வலிப்பு இல்லை. ஆனால் இவர்களில் பலருக்கு வலிப்பும் வரும் என்பதால் சும்மா விட்டுவிடவும் முடியாது. செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். சத்தம் கேட்டதும் ஒரு முறை உதறி நிற்கிறதா, சத்தமே இல்லாமல் வரிசையாக வருகிறதா, கண் ஒரு பக்கம் போகிறதா என்பதைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். மீதிக்கு மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. இருக்கிறது. அதுவரை குக்கரை வைக்கும்போது அவனை முன்னறையில் யாராவது மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மல்லாக்கப் படுக்க வைத்துப் பாலாடையில் ஊற்றாதீர்கள். இந்தக் குழந்தைகளுக்கு விழுங்குவது சரியாக வராது. ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். இவர்களுக்கு வரும் பெரிய ஆபத்துகளில் இதுவும் ஒன்று. தலையும் முதுகும் நிமிர்ந்திருக்க, கொஞ்சம் கெட்டியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, எடையும் ஏறவில்லை என்றால் டியூப் வழியாகக் கொடுப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். 'டியூப் போட்டால் அவ்வளவுதான்' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். டியூப் போட்டபின் எடை கூடி, முதன்முறையாக இரவு முழுக்கத் தூங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கண் அழுத்தத்தை ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டுங்கள், இந்த நோயில் க்ளாக்கோமா வரலாம். தைராய்டு டெஸ்ட்டும் எடுக்க வேண்டும். குளிர் தொடங்குவதற்கு முன்பே சாக்ஸும் காதை மூடும் குல்லாவும் போட்டுவிடுங்கள். விரல் வீங்கினால் நெருப்பருகே காட்டவோ சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். பிசியோதெரபிக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் இளம் சிறார் இடையீட்டு மையத்துக்குப் போங்கள், காசு வாங்க மாட்டார்கள். மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு அந்த அட்டை வேண்டும். 'அட்டை வாங்கினால் பிள்ளை ஊனம் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி' என்று தள்ளிப்போடும் அப்பாக்கள் நிறைய. உங்கள் கணவர் அப்படி இருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். பாரிசிட்டினிப் மூட்டுவாதத்துக்காக வந்த மருந்து. கொரோனா இரண்டாம் அலையில் 2021இல் நம் மருந்துக்கடைகளில் அடிபட்ட பெயர்தான். இன்டர்ஃபெரான் அடிக்கும் சங்கு செல்லுக்குள் கேட்காதபடி அது காதைப் பொத்துகிறது. 2020இல் அமெரிக்க மருத்துவர்கள் இந்த நோயுள்ள 35 பேருக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார்கள். பலருக்கு எரிச்சலும் தோல் புண்ணும் குறைந்தன. சிலர் புதிதாக ஒன்றிரண்டு திறன்களைப் பெற்றார்கள். மருந்து இல்லாத குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. அதனால் அளந்துதான் நம்ப வேண்டும். அதற்கு முன்பே பிரான்ஸில் எச்.ஐ.வி. மருந்துகள் மூன்றைச் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள். இன்டர்ஃபெரான் சங்கின் சத்தம் குறைந்தது. ஆனால் அது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

பாரிசிட்டினிப் உடைந்த சுவரைக் கட்டித் தராது. தண்ணீர் பீய்ச்சுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். அதனால்தான் உக்கிர காலத்திலேயே தொடங்கினால் பலன் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். உங்கள் மகனுக்கு அழுகையும் காய்ச்சலும் புண்ணும் இன்னும் இருக்கின்றன என்றால் கொடுத்துப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்கும் மருந்து இல்லை இது. அளவு எடையையும் சிறுநீரகத்தையும் பொறுத்தது. சிறு குழந்தைகளுக்கு ஒரு நாளில் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். வெள்ளை அணு குறையும், பிளேட்லெட் ஏறும், தொற்று எளிதில் பிடிக்கும். தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் ஊரில் இதை விட்டுவிடவே கூடாது. வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து தொடங்கியபின் அம்மை, ரூபெல்லா மாதிரியான உயிருள்ள தடுப்பூசிகளைப் போட முடியாது என்பதால், விடுபட்டவை இருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ஆரம்பித்தபின் காசு இல்லை, ஊருக்குப் போனோம் என்று திடீரென நிறுத்திவிடவும் கூடாது.

இனி குடும்பத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் ஒரு பிரதியில் எழுத்துப்பிழை, மற்றது சரி. அதனால் இருவருக்கும் நோய் இல்லை. பிழையுள்ள இரண்டு பிரதிகளும் மகனிடம் சேர்ந்துவிட்டன. 'ஹோமோசைகஸ்' என்று எழுதியிருப்பது, இரண்டும் ஒரே பிழை என்பதைத்தான். நீங்கள் தாய்மாமனைக் கட்டியிருப்பதால், அந்த ஒரே பிழை பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்துதான் இரண்டு வழியாக இறங்கி வந்திருக்கும். அவர் உங்கள் அம்மாச்சியாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம். அவரிடமிருந்து ஒரு வழி உங்கள் கணவருக்கு, இன்னொரு வழி உங்கள் அம்மா மூலம் உங்களுக்கு.

இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் அம்மாச்சியிடம் சண்டை போட வேண்டாம், தாயே. அவருக்கும் அது எங்கிருந்தோ வந்ததுதான். இப்படிப்பட்ட பிழை ஒன்றிரண்டாவது இல்லாத மனிதர் உலகத்தில் இல்லை. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இதே நோய் வருகிறது, ஐரோப்பாவில் அப்படி நிறையப் பேர். ஆனால் சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பிழை சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் மணந்தவர்கள். என் அறைக்கு இத்தனை அபூர்வ நோய்கள் ஏன் வருகின்றன என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டதே, அடுத்த மூன்றும் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள். உங்களிடம் இப்போது ஒரு பெரிய வசதி இருக்கிறது, பிழை இன்ன இடத்தில் என்று தெரியும். உங்கள் இருவர் இரத்தத்திலும் அதை முதலில் உறுதிசெய்துகொண்டால், கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்தோ, 16 வாரம் வாக்கில் பனிக்குட நீர் எடுத்தோ பார்த்துவிடலாம். பதிவுபெற்ற மையங்களில் இது சட்டப்படி செய்யப்படுவது, ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். பாதிப்பு இருந்தால் என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. 20 வாரத்துக்குள் என்றால் கருக்கலைப்புக்கான நடைமுறையும் எளிது. அதனால் மாதவிடாய் தள்ளிப்போன பிறகு யோசிக்காமல், அதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள். அதுவரை கருத்தடை வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பிப் போய், மூன்றாம் மாதத்தில் அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு.

மூத்தவளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தலைகாட்டிவிடும். ஓடி விளையாடும் 5 வயதுக் குழந்தைக்கு இனி வருவது மிக அரிது. ஒரு முறை குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் பார்த்தால் போதும். அவள் கேரியராக, அதாவது உங்களைப் போல ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ளவளாக, இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அதை இப்போதே சோதித்து அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டாம். பெரியவளானதும் அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

தங்கை விஷயத்தில்தான் அவசரம். உங்கள் தங்கைக்கு அந்தப் பிழை இருக்கும் வாய்ப்பு பாதி, உங்கள் கொழுந்தனாருக்கும் பாதி. நிச்சயத்துக்கு முன் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் இரத்தம் கொடுத்தால் போதும். மகனுக்கு எடுத்த மாதிரி எல்லா மரபணுக்களையும் அலச வேண்டியதில்லை, அந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பதால் செலவும் குறைவு. இருவரில் ஒருவருக்கு இல்லையென்றாலும் இந்த நோய் அவர்கள் பிள்ளைக்கு வராது. வேறு அபூர்வ நோய்களுக்கு அந்த உறுதியைத் தர முடியாது. என்னைக் கேட்டால் வேறு இடம் பார்க்கச் சொல்வேன். ஆனால் பத்திரிகை அடிக்கிற நிலையில் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் டெஸ்ட்டையாவது தள்ளிப்போடாதீர்கள்.

ஆலோசகரிடம் போகும் நாளில் மகனின் ரிப்போர்ட், சி.டி. படம், வீடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணவர், அம்மா, தங்கை, கொழுந்தனார் வரட்டும். அம்மாச்சியையும் கூட்டிப் போங்கள். அவர் இரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. ஆலோசகர் ஒரு தாளில் உங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைவார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். மேலே முதல் வரியில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் இருக்கும். அங்கிருந்து கோடுகள் எப்படி இறங்கிப் பேரனிடம் வந்து சேருகின்றன என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தத் தாளில் பூனை இருக்காது.